எலெக்ட்ரானுக்கு ஒரு வேகத்தடை

காட்மியம் செலினைடு ஒரு குறைகடத்தி. அதைச் சில நானோமீட்டர் அகலமுள்ள மணிகளாக வளர்த்தால், மணியின் அளவே அதன் நிறத்தை முடிவு செய்கிறது. சுமார் 2 நானோமீட்டர் இருந்தால் நீலம், 6 நானோமீட்டரை எட்டினால் சிவப்பு. இந்த மணிகளுக்குத்தான் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். இவற்றைக் கண்டறிந்து, தரமாகச் செய்யும் வழியை வகுத்ததற்காக அலெக்சி எகிமோவ், லூயி புரூஸ், மௌங்கி பவெண்டி ஆகிய மூவருக்கும் 2023இல் வேதியியல் நொபேல் பரிசு கிடைத்தது.

இன்று ‘கியூஎல்இடி’ என்று விற்கும் தொலைக்காட்சிகளிலும் இவை இருக்கின்றன. ஆனால் அங்கே புள்ளிகளுக்குள் மின்சாரம் பாய்வதில்லை. பின்னாலுள்ள எல்இடியின் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றித் தருவதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. புள்ளிக்கே மின்சாரம் கொடுத்து ஒளிர வைத்தால் பின்விளக்கே தேவையில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் பால் அலிவிசாட்டோஸ் குழு 1994இல் அப்படியொரு விளக்கைச் செய்து காட்டியது. அதன் ஒளி மிக மங்கல். குறை புள்ளியில் மட்டும் இல்லை, மின்னூட்டம் அதற்குள் போய்ச்சேரும் வழியிலும் இருந்தது.

புள்ளி ஒளிர வேண்டுமானால் ஒரு முனையிலிருந்து எலெக்ட்ரானும் மறுமுனையிலிருந்து ‘துளை’யும் வந்து அதற்குள் சேர வேண்டும். எலெக்ட்ரான் இல்லாத காலியிடமே துளை. அது நேர்மின்னூட்டம் போல நடந்துகொள்ளும். இரண்டும் இணையும்போது ஒளி பிறக்கிறது.

முதல் தடை புள்ளியின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் கரைசலில் மிதக்க, அவற்றைச் சுற்றி நீண்ட கரிமச் சங்கிலிகள் பிணைக்கப்படுகின்றன. அதிகம் பயன்படுவது ஒலியிக் அமிலம். நம் கடலை எண்ணெயில் நிறைய இருப்பதுதான். 18 கார்பன் அணுக்கள் கொண்ட இந்தச் சங்கிலி மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மின்னூட்டம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குத் தாவச் சிரமப்படுகிறது. இதைக் கழற்றிவிட்டுக் குட்டையான மூலக்கூறுகளைப் பொருத்தினால் இடைவெளி குறைந்து கடத்தல் கூடும். ஆனால் கழற்றும்போது மேற்பரப்பு புண்பட்டால், வந்து சேர்ந்த எலெக்ட்ரான் அந்தக் குறைபாட்டில் சிக்கி ஒளி தராமலே வீணாகும். கடத்தலும் வேண்டும், மேற்பரப்பும் கெடக்கூடாது என்பதுதான் வேதியியலாளர்களின் பாடு.

2002இல் அமெரிக்காவின் எம்ஐடியில் விளாடிமிர் புலோவிச், பவெண்டி குழுவினர் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகினார்கள். புள்ளிகளை ஒற்றை அடுக்காக மட்டும் பரப்பி, மின்னூட்டத்தைக் கொண்டுவரும் வேலையை இருபுறமும் உள்ள கரிம அடுக்குகளிடம் விட்டார்கள். திறன் அதற்கு முன்பு இருந்ததைப்போல 25 மடங்கானது. பின்னாளில் எலெக்ட்ரானைக் கொண்டுவரத் துத்தநாக ஆக்சைடு நுண்துகள்கள் வந்தன. துளைகளைக் கொண்டுவரும் வேலை கடத்தும் பாலிமர்களிடம் சேர்ந்தது.

அங்கேதான் அடுத்த சிக்கல். துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் மட்டம் புள்ளியின் மட்டத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் எலெக்ட்ரான்கள் தடையின்றி நுழைகின்றன. பாலிமரிலிருந்து வரும் துளைகளோ பெரிய ஆற்றல் படியைத் தாண்ட வேண்டும். எலெக்ட்ரானுக்கு நான்குவழிச் சாலை, துளைக்கு வயல் வரப்பு என்றால் பொருந்தும்.

முந்திக்கொண்டு வந்த எலெக்ட்ரான் சும்மா காத்திருப்பதில்லை. ஒரு புள்ளியில் உபரியாக ஓர் எலெக்ட்ரான் நின்றால், அடுத்து ஓர் எலெக்ட்ரானும் துளையும் இணையும்போது வெளிப்படும் ஆற்றல் ஒளியாகாமல் அந்த உபரி எலெக்ட்ரானுக்கே போய்விடுகிறது. இதற்கு ஓஜே இழப்பு என்று பெயர். புள்ளியைக் கடந்து பாலிமருக்குள் கசியும் எலெக்ட்ரான்கள் அந்தப் பாலிமரையும் சிதைக்கின்றன. விளக்கின் ஆயுள் குறைகிறது.

சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் சியாவோகாங் பெங், இசெங் ஜின் குழுவினர் 2014இல் வெளியிட்ட தீர்வு கேட்பதற்கே விந்தையானது. மின்கடத்தலைக் கூட்ட வேண்டிய இடத்தில் மின்கடத்தாப் பொருளை வைத்தார்கள்! அக்ரிலிக் தகடு செய்யும் பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக்கை, சில நானோமீட்டர் தடிப்பில் புள்ளிகளுக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் நடுவே பூசினார்கள். எலெக்ட்ரான்களின் வரத்து மட்டுப்பட்டு, துளைகளின் வரத்தோடு சமமானது. சிவப்பு விளக்கின் வெளிப்புறக் குவாண்டம் திறன், அதாவது செலுத்திய மின்னூட்டத்தில் வெளியே வரும் ஒளியாகும் பங்கு, 20.5 சதவீதத்தைத் தொட்டது. குறைந்த எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இத்தகைய தட்டையான விளக்கில் பிறக்கும் ஒளியில் பெரும்பகுதி கண்ணாடிக்குள்ளும் அடுக்குகளுக்குள்ளும் சிறைப்பட்டுவிடும். அதைக் கணக்கில் எடுத்தால், உள்ளே போன மின்னூட்டத்தில் ஏறத்தாழ முழுவதும் ஒளியாகியிருக்கிறது. சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா என்ற மிதமான ஒளிர்வில் அதன் ஆயுள் 1,00,000 மணிநேரத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது.

அதன்பின் துத்தநாக ஆக்சைடில் மக்னீசியம் கலந்து எலெக்ட்ரானைத் தணிப்பது, துளையின் படியைக் குறைக்கும் புதிய பாலிமர்களைத் தேடுவது என ஆய்வு விரிந்திருக்கிறது. நச்சுத்தன்மை உள்ள காட்மியத்துக்குப் பதிலாக இண்டியம் பாஸ்பைடு புள்ளிகளும் 20 சதவீதத் திறனைத் தாண்டிவிட்டன. நீலம் மட்டும் இன்னும் பின்தங்குகிறது. அதன் ஆற்றல் இடைவெளி அகலமானது என்பதால் துளை தாண்ட வேண்டிய படியும் உயரம். திரைக்கு மூன்று நிறமும் ஒரே அளவு நீடித்து உழைக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை ‘குவாண்டம்’ என்று எழுதிய தொலைக்காட்சியை வாங்கப் போகும்போது, புள்ளிகள் மின்சாரத்தில் ஒளிர்கின்றனவா, பின்விளக்கில் ஒளிர்கின்றனவா என்று கேளுங்கள். பின்விளக்கு என்பதுதான் இப்போதைக்குப் பதிலாக இருக்கும். அந்தப் பதில் மாற வேண்டுமானால் நீலப் புள்ளிக்குள் துளைகள் தாராளமாக நுழைய வழி பிறக்க வேண்டும்.