மூலம்னு நினைச்சு ஏமாறாதீங்க! குடல் புண் நோயாளிகள் என்ன சாப்பிடலாம்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கம்பெனி, பட்டறைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு வயிற்றுக் கோளாறு புதிது அல்ல. நேரம் கெட்ட நேரத்தில் சாப்பாடு, ரோட்டுக்கடை பரோட்டா, அடிக்கடி டீ. வயிறு கலக்கினால் மெடிக்கல் ஷாப்பில் 2 மாத்திரை வாங்கி போட்டுக்கொண்டு அடுத்த ஷிப்டுக்கு கிளம்பி விடுவார்கள்.

ஆனால் வாரக்கணக்கில் பேதி நிற்கவில்லை, ரத்தமும் சளியும் சேர்ந்து போகிறது, எடை குறைகிறது என்றால் விஷயம் வேறு. "சூடு புடிச்சிருக்கும்", "மூலமா இருக்கும்" என்று தள்ளிப்போடக் கூடாது. அது குடல் அழற்சி நோயாக இருக்கலாம்.

அது என்ன நோய்?

உடம்பை காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே குடலை தாக்கி புண்ணாக்குவதுதான் இந்த நோய். இதில் 2 முக்கிய வகை உண்டு. பெருங்குடலில் மட்டும் வந்தால் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வருவது 'குரோன்ஸ்'. இது ஒருவரிடம் இருந்து மற்றவருக்கு ஒட்டாது.

ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேவுக்கும் கொலைட்டிஸ் இருந்தது. இதனால் 2007-ல் பதவி விலகினார். சிகிச்சையில் தேறி 2012-ல் மீண்டும் பிரதமர் ஆனார். 2020-ல் நோய் திரும்பவே, மறுபடியும் விலகினார். அடங்கும், மறுபடி கிளம்பும். அதுதான் இந்த நோயின் குணம்.

குடல் காசநோயும் பார்க்க குரோன்ஸ் மாதிரியே இருக்கும். காசநோய் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு சாப்பிட்டால் ஆபத்து. அதனால் கேமரா குழாய் விட்டு பார்த்து, சதை துணுக்கு எடுத்து பரிசோதித்த பிறகுதான் மருந்து முடிவாகும்.

என்ன சாப்பிடலாம்?

நோய் கிளம்பி இருக்கும்போது: இட்லி, குழைந்த சாதம், கஞ்சி, கனிந்த வாழைப்பழம், தோல் நீக்கி வேகவைத்த கேரட், உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, காரம் இல்லாத மீன் குழம்பு. ஒரே அடியாக சாப்பிடாமல் 5, 6 வேளையாக பிரித்து சாப்பிடுங்க. மோர் ஒத்துக்கொண்டால் குடிக்கலாம். பால் பலருக்கு ஒத்துக்காது.

தவிர்க்க வேண்டியது: காரம், பஜ்ஜி, போண்டா, பச்சை காய்கறி, வேர்க்கடலை, மது. புகை பிடித்தால் குரோன்ஸ் இன்னும் மோசமாகும். குடல் சுருங்கி இருப்பவர்கள் வாழைத்தண்டு, முருங்கைக்காய் சக்கையை விழுங்கவே கூடாது.

பேதி அதிகமானால் 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி குடிக்கவும்.

நோய் அடங்கிய பிறகும் கஞ்சியிலேயே காலம் தள்ள வேண்டாம். கீரை, பருப்பு, காய்கறியை கொஞ்சம் கொஞ்சமாக சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்த சோகை வரும். எது சாப்பிட்டால் வயிறு கெடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. ஒருத்தருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது.

மாத்திரையை நிறுத்தாதீங்க

பத்தியம் துணைதான், மருந்துக்கு மாற்று அல்ல. "இப்ப நல்லாயிட்டேன்" என்று நிறுத்தினால் நோய் திரும்பும். ஸ்டீராய்டை திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து. உடம்பு வலி மாத்திரையையும் டாக்டரை கேட்காமல் போடக்கூடாது. சில மாத்திரைகள் குடல் புண்ணை கிளறிவிடும்.

நோய் வந்து 8 ஆண்டு ஆனவர்களுக்கு பெருங்குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று கேமரா பரிசோதனை அவசியம்.

எங்கே போகலாம்?

ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் உங்கள் மருந்தகத்தில் காட்டி, அயனாவரம் அல்லது கே.கே.நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு சீட்டு கேளுங்க. கார்டு இல்லாதவர்கள், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையின் குடல் நோய் பிரிவுக்கு போகலாம். ஆவடி, அம்பத்தூரில் இருந்து மின்சார ரெயிலில் நேராக போய் இறங்கி விடலாம்.

ஒரு நாளில் 6 தடவைக்கு மேல் ரத்தத்தோடு போனாலோ, காய்ச்சல், வயிறு உப்பி கடும் வலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க.

கக்கூஸ் விஷயம்தானே என்று வெட்கப்பட்டு மறைக்காதீங்க. சீக்கிரம் போனால் குடலையும் காப்பாத்தலாம், வேலையையும் காப்பாத்தலாம்.