ஆஃப்ரோடு போக எலெக்ட்ரிக் கார் தாங்குமா? பாறை ஏறிவிடும், திரும்பி வருவதுதான் கேள்வி

நீங்கள் வாங்கப்போவது ஒரே ஒரு கார். வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ் போய்வர வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது ஸ்பிட்டி, லடாக் என்று கிளம்ப வேண்டும். முதல் வேலைக்கு எலெக்ட்ரிக் போதும் என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. இரண்டாவது வேலைக்கு? ஓடையில் இறக்கினால் பேட்டரி என்ன ஆகும், செங்குத்து ஏற்றத்தில் இழுக்குமா என்றுதான் ஷோரூமில் பலரும் கேட்கிறார்கள். இந்த இரண்டிலும் எலெக்ட்ரிக் நன்றாகவே தேறிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் ஏற்றம். பாறைமேல் ஏறும்போது வண்டி நடக்கிற வேகத்தில் போக வேண்டும், ஆனால் சக்கரத்தில் முழு பலம் இருக்க வேண்டும். டீசல், பெட்ரோல் இன்ஜின்கள் மெதுவாகச் சுற்றும்போது அந்த பலத்தைத் தராது. அதற்காகத்தான் தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் 'லோ ரேஞ்ச்' என்று தனியாக ஒரு கியர் வைத்திருக்கிறார்கள். மோட்டார் அப்படி இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழு டார்க் தரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு மோட்டார் இருந்தால், எந்தப் பக்கம் பிடி இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு நொடியின் சிறு பகுதிக்குள் பலத்தை மாற்றிவிடும்.

ஆனால் இந்தியாவில் விற்கும் எல்லா எலெக்ட்ரிக் எஸ்யூவியும் இதைச் செய்யாது. மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் பின்சக்கர இழுவை மட்டுமே. 2023இல் அந்த நிறுவனம் காட்டிய எலெக்ட்ரிக் தார் வெறும் கான்செப்ட்தான். 2025இல் வந்த டாடா ஹாரியர் இவியின் இரட்டை மோட்டார் மாடல் நான்கு சக்கரத்தையும் இழுக்கும். கேரளாவின் வாகமண்ணில் யானைப்பாறை மேல் அது ஏறும் வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். நிறுவனமே எடுத்த வீடியோ என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்? மெர்சிடீஸின் எலெக்ட்ரிக் ஜி கிளாஸ் 850 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்கிறது அந்த நிறுவனம். அதே வண்டியின் பெட்ரோல் மாடலுக்கு 700தான். காற்றை உறிஞ்சும் வாய் இல்லாத வண்டிக்கு மூச்சுத் திணறாது, அவ்வளவுதான். பேட்டரி பெட்டிகளுக்குச் சொல்லப்படும் ஐபி67 என்ற தரமும் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனை. என்ன, அது அசையாத தண்ணீரில் செய்யும் சோதனை. கல்லை உருட்டிக்கொண்டு வரும் மலையோடைக்கு அது உத்தரவாதம் இல்லை.

உயரம் போகப் போக மோட்டாருக்கு இன்னும் சாதகம். 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். டர்போ இல்லாத ஜிம்னி அங்கே பலத்தில் பெரும் பங்கை இழந்துவிடும். மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. 19,024 அடி உயர உம்லிங் லாவில்கூட அதே இழுவை.

அப்புறம் என்ன பிரச்னை? எடையும் எரிபொருளும்.

ஜிம்னி சுமார் 1.2 டன். எலெக்ட்ரிக் ஜி கிளாஸ் 3 டன்னுக்கு மேல். பாறையில் இது பரவாயில்லை. ஜெய்சல்மேர் மணலிலும் சேற்றிலும் எடைதான் முதல் எதிரி. தார் ரோட்டில் உருளும்போது எடையில் சுமார் 1 சதவீதம்தான் எதிர்விசை. தளர்ந்த மணலில் அது 20 சதவீதத்தைத் தொடலாம். 2.3 டன் வண்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டால், மணலில் ஒரு கிலோமீட்டருக்கு 1.25 யூனிட் செலவு. 75 யூனிட் பேட்டரி 60 கிலோமீட்டரில் காலி. (வீட்டு கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்.)

டீசல் வண்டியும் மணலில் குடித்துத் தள்ளும். ஆனால் அதற்கு ஒரு கேன் கூடக் கொண்டுபோகலாம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல்; இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலும், 20 லிட்டர் கேனில் 60 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். கேனில் உள்ள டீசலின் எடை 17 கிலோ. 2024 டக்கார் ராலியில் ஜெயித்த ஆடி காரின் பேட்டரி சுமார் 50 யூனிட், எடை 370 கிலோ. எலெக்ட்ரிக் இழுவையில் டக்காரை ஜெயித்த அந்தக் கார்கூட, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற உள்ளேயே ஒரு பெட்ரோல் இன்ஜினைச் சுமந்துகொண்டுதான் பாலைவனத்தில் ஓடியது.

இப்போது மணாலி-லே சாலைக்கு வாருங்கள். கேலாங்குக்கு முன்னால் தாண்டி என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே எழுதியிருந்த பலகை பைக் பயணிகளிடையே ரொம்பப் பிரபலம். அங்கிருந்து லே வரை பாராலாச்சா, லாச்சுங், தங்லங் கணவாய்களைக் கடக்க வேண்டும். மொத்த ஏற்றம் 3,000 மீட்டரைத் தாண்டும். ஆட்களோடு 2.5 டன் வண்டியை 1,000 மீட்டர் தூக்க 6.8 யூனிட் வேண்டும். ஆக ஏற்றத்துக்கு மட்டும் 20 யூனிட்டுக்கு மேல். இறக்கத்தில் பாதிக்குமேல் பேட்டரிக்குத் திரும்பி வரலாம். மெதுவாக ஓட்டினால் 75 யூனிட்டில் லே போய்ச் சேரலாம், காகிதத்தில்.

ஆனால் 200 கிலோமீட்டர் போன பிறகு பாங் அருகே மண்சரிவு என்றால்? வந்த வழியே திரும்ப வேண்டும். அதனால் ஆளில்லாத பாதையில் உங்கள் உண்மையான ரேஞ்ச், மீட்டர் காட்டுவதில் பாதி. அதிலும் குளிருக்கு ஒரு பங்கு போகும்: உறைநிலைக்குக் கீழே பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்கும், இறக்கத்தில் திரும்ப எடுப்பதும் குறையும். முழுக்கக் காலியானால் கயிறு கட்டி இழுத்து வரவும் முடியாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும் என்பதால், வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

என் கணக்கில் வாகமண், குடகு எஸ்டேட் பாதைகள், வார இறுதி டிரெயில்கள் எல்லாவற்றுக்கும் நான்கு சக்கர எலெக்ட்ரிக் டீசலைவிட நல்ல தேர்வு. காட்டோரம் சத்தமில்லாமல் போவது தனி சுகம். சன்ஸ்கார், சாங்தாங் என்று நாட்கணக்கில் போவதென்றால் டீசலை வாடகைக்கு எடுங்கள். ஸ்பிட்டி நடுவில் இருக்கிறது. காசாவில் 2021இலேயே ஒரு சார்ஜிங் நிலையம் திறந்துவிட்டார்கள், ஆனால் ஒன்றை மட்டும் நம்பி மலையேறாதீர்கள். ஹோம்ஸ்டே புக் செய்யும்போது வெந்நீர் வருமா என்று கேட்பதோடு, 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, அதற்கு எர்த்திங் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். எர்த்திங் இல்லையென்றால் பல சார்ஜர்கள் வேலை செய்யவே மறுக்கும். வேலை செய்தாலும் அந்த பிளக்கில் 75 யூனிட் முழுதாக ஏற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவும் கரன்ட் போகாமல் இருந்தால்.