பூட்டுத் திறக்கப் பழகுவோர்க்கு முதற்கருவிகள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியில் துருவேறாத பூட்டைக் காண்பது அரிது. மலையிடைவெளி வழியே வரும் ஈரக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் இரும்பைத் தின்றுவிடும். அத்தகைய ஓர் ஆடி மாதத்தில், நான் ஆசிரியனாக இருந்த பள்ளியின் ஆய்வுக்கூட அலமாரிச் சாவி தொலைந்துபோயிற்று. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் குடைக்கம்பித் துண்டுகள் இரண்டை வளைத்து, கால்மணி நேரத்தில் அப்பூட்டைத் திறந்தான். நன்றி கூற வேண்டிய நான், "இதை எங்கேயடா கற்றாய்?" என்று வகுப்பார் முன்னிலையில் கேட்டேன். கேட்ட குரலே தீர்ப்பாகிவிட்டது. மறுவாரம் வேறோர் அறையில் பணம் காணவில்லை என்றதும் எல்லோரும் அவனையே நோக்கினர், நானும் நோக்கினேன். பணம் ஒரு கணக்கேட்டினுள் அகப்பட்டது. ஆனால் அவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

பூட்டைத் திறக்கும் கலை களவுக் கலை என்று நானும் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. 1851-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியின்போது, ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், எவராலும் திறக்க இயலாதெனப் பெயர் பெற்றிருந்த பிராமா பூட்டைத் திறந்து 200 கினி பரிசு பெற்றார். அதற்கு அவர் செலவிட்டது பல நாட்களில் பரவிய ஐம்பது மணிக்குச் சற்று மேற்பட்ட நேரம். பூட்டின் குறை வெளிப்பட்டதனாலேயே, பின்வந்தோர் மேலான பூட்டுகளைச் செய்யலாயினர். ஜெர்மனியில் 1997-ஆம் ஆண்டிலேயே இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் சங்கம் அமைத்துவிட்டனர். இப்பொழுதுபோக்கினர் கைக்கொள்ளும் விதிகள் இரண்டே: தமக்குரியதல்லாத பூட்டை உரியவர் இசைவின்றித் தொடலாகாது, பயன்பாட்டில் உள்ள பூட்டில் பழகலாகாது. இரண்டாம் விதி நல்ல பிள்ளைகளுக்கும் வேண்டும். பழகுவோன் கையில் பூட்டு பழுதுபடும். வீட்டார் வாசலில் நிற்க நேரும்.

இனி, பூட்டின் உள்ளே நோக்குவோம். இன்று பரவலாக வழங்கும் பூட்டில், சுழலும் பித்தளை உருளை ஒன்று உண்டு. அதன் குறுக்கே ஐந்தாறு சிறு ஊசிகள், ஒவ்வொன்றும் இரு துண்டாக, மேலே சுருள்வில் அழுத்த, இறங்கி நிற்கும். உரிய சாவி ஒவ்வோர் ஊசியையும் வேண்டிய அளவே உயர்த்தும். துண்டுகள் பிரியும் இடமெல்லாம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் அமைந்தவுடன் உருளை சுழலும். அமெரிக்கரான இளைய யேல் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார். மரத்தாலான இதன் முன்னோடி பண்டைய எகிப்தில் இருந்தது.

துளைகளைத் துல்லியமாக ஒரே வரிசையில் இட எந்தத் தொழிலாளியாலும் முடியாது. ஆகவே உருளையை மெல்லத் திருக்கினால் எல்லா ஊசிகளும் ஒருசேர இறுகா. ஏதேனும் ஒன்று முதலில் இறுகும். அதனைத் தேடி உயர்த்தினால் அது தன் நிலையில் தங்கும், அடுத்தது இறுகும். கலை முழுவதும் இவ்வளவே. பொறுமை வேறு.

ஓய்வு பெற்றபின் ஆசைப்பட்டு, இருபத்துநான்கு உருப்படிகள் கொண்ட ஒரு தொகுதியை வாங்கினேன். பளபளக்கும் உறையோடு கூடியது. அம்மாணவர் இன்று சாவி செய்யும் கடை வைத்திருக்கிறார். இப்பொழுது அவரை 'அவன்' என்று கூற எனக்கு மனம் வரவில்லை. உறையோடு அவர் கடைக்குச் சென்று, பழைய தவற்றுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கு மறுமொழி கூறவில்லை. உறையைப் பிரித்து நான்கு கருவிகளை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்தார். "சார், இவை போதும். மற்றவை விற்பதற்காகச் செய்தவை" என்றார்.

அந்நான்கனுள் இரண்டு, உருளையைத் திருக்கும் வளைதகடுகள். ஒன்று அகலமானது, மற்றது ஒடுங்கியது. மூன்றாவது, நுனி சிறிதே வளைந்த கொக்கி. ஊசிகளை ஒவ்வொன்றாக உயர்த்துவது அதுவே. நான்காவது அலைபோல் நெளிந்த நுனியுடையது. அதனை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் மலிவான பூட்டுகள் சில தற்செயலாகத் திறக்கும். அதனால் மகிழ்ச்சி உண்டு, கல்வி குறைவு. கொக்கி நல்ல துருவேறா எஃகில், அரை மில்லிமீட்டர் அளவு கனத்தில் இருத்தல் நலம். தடித்தால் சாவித்துளையில் திரும்பாது, மெலிந்தால் வளையும். கைப்பிடி வழுவழுப்பாக இருக்கட்டும். கூரிய விளிம்பு விரலை அறுப்பதோடு ஊசியின் அசைவை உணரவும் விடாது. பணம் குறைவாயின், வளைதகட்டை மட்டும் மட்டமாக வாங்காதீர்கள். தொடக்கத்தில் எல்லோரும் அதனைத்தான் மிக அழுத்துகிறோம். நானும் பதினொரு நாள் அழுத்தினேன்.

நம் வீடுகளில் தொங்கும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டுக்கு இக்கருவிகள் உதவா. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகளுள் பல லீவர் பூட்டுகள். அவற்றுள் ஊசிகளுக்குப் பதில் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றையும் சாவி தனித்தனி உயரத்துக்கு நகர்த்தும். அதற்குரிய கருவி வேறு, பயிற்சியும் வேறு. ஆகவே கருவியோடு, மலிவான ஊசிப்பூட்டு ஒன்றையும் சாவியோடு வாங்குங்கள். சாவி செய்வோரிடம் கேட்டால், ஊசிகளைக் கழற்றி இரண்டை மட்டும் விட்டுத் தருவார். இரண்டு எளிதானபின் மூன்றாவதைச் சேர்க்கலாம். தேங்காயெண்ணெய் மட்டும் விடாதீர்கள். நாளடைவில் அது பிசினாகித் தூசியைப் பிடிக்கும். கிராஃபைட் தூள் போதும்.