ஒரே ரொட்டி, ஒரே மேசை

விருந்துக்கு மறுநாள் மூச்சுத்திணறலுடன் வரும் நோயாளிகளை எங்கள் இதயநலப் பிரிவில் நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அவ்வாறு வந்த பெரியவர் ஒருவரிடம் முந்தைய இரவு என்ன உண்டார் என வினவினோம். உடன் வந்த மகள், “அப்பாவுக்கு உப்பில்லாத கஞ்சிதான் கொடுத்தோம், டாக்டர்” என்றார். பெரியவர் தலைகுனிந்தார். சற்று நேரம் கழித்து உண்மையைச் சொன்னார். கூடத்தில் அனைவரும் சீஸ் ரொட்டியைப் பிய்த்துப் பகிர்ந்து உண்டபோது அவர் தம் அறையில் கஞ்சி குடித்தார். வீடு உறங்கிய பின் அடுக்களைக்குச் சென்று, மீதமிருந்த அரை ரொட்டியை நின்றபடியே உண்டு முடித்தார்.

“உப்பைக் குறையுங்கள்” என்று சொல்லி அனுப்பும் நாங்கள், விருந்து நாளில் என்ன செய்வது என்பதை அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. இக்கட்டுரை அதற்கானது.

உப்பு எங்கே இருக்கிறது?

400 கிராம் ரொட்டி, 120 கிராம் சீஸ், 40 கிராம் உப்பிட்ட வெண்ணெய் கொண்டு இந்த ரொட்டியைச் செய்வதாகக் கொள்வோம். உப்பு முழுவதும் சீஸில் இருப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ரொட்டியில் மட்டும் ஏறத்தாழ 5 கிராம் உப்பு உண்டு. சீஸில் சுமார் 2 கிராம். வெண்ணெயில் அரை கிராமுக்குச் சற்று மிகுதி. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே எட்டுப் பேர் பகிர்ந்தால் இது சிற்றுண்டி. ஒருவரே பாதியை உண்டால், ஒரு நாளைக்குரிய உப்பின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும்.

தேவையானவை (8 பேருக்கு)

துண்டு போடாத நீள்சதுர ரொட்டி 400 கிராம். உப்பில்லா வெண்ணெய் 40 கிராம். நசுக்கிய பூண்டு 6 பல். நறுக்கிய கொத்தமல்லித்தழை ஒரு கைப்பிடி. மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. துருவிய மொசரெல்லா சீஸ் 60 கிராம். அரை லிட்டர் பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து வடித்த பனீர்.

செய்முறை

ரொட்டியின் மேற்புறத்தில் குறுக்காக 7, நெடுக்காக 3 வெட்டுகள் இடுக. அடிப்பகுதி ஒரு விரல் அளவு வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். அதுவே ரொட்டியைச் சிதறாமல் தாங்குகிறது. 32 துண்டுகள் கிடைக்கும். உருக்கிய வெண்ணெயில் பூண்டு, கொத்தமல்லி, மிளகு கலந்து வெட்டுகளுக்குள் தடவுக. ஒரு பாதியில் சீஸையும் மறு பாதியில் உதிர்த்த பனீரையும் திணிக்க. அலுமினியத் தாளில் சுற்றி, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 நிமிடமும், தாளைத் திறந்துவிட்டு மேலும் 8 நிமிடமும் சுடுக. ஓவன் இல்லாதோர் அடிகனமான வாணலியில் தாங்கி வைத்து, மூடியிட்டுச் சிறுதீயில் சூடேற்றலாம். மேற்புறம் மட்டும் அவ்வளவாகச் சிவக்காது.

பனீர் சீஸைப் போல உருகி இழையாது. ஆயினும் பூண்டும் மிளகும் அதற்குச் சுவை கூட்டும். பனீர்ப் பகுதியை உண்பவருக்கு, வழக்கமான செய்முறையைவிட உப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

சில எச்சரிக்கைகள்

சுவைக்காக ‘குறைந்த சோடியம் உப்பு’ சேர்க்க வேண்டாம். அதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உயர்த்தும் சில இதய மருந்துகளை உட்கொள்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். நீரிழிவு உள்ளோர், நான்கு துண்டுகளின் மாவுச்சத்து இரண்டு மூன்று சிறிய இட்லிகளுக்கு ஈடு என்று கொண்டு, மற்ற உணவில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளோர் மறுநாள் காலையில் எடை பார்ப்பது நன்று. மூன்று நாள்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீங்கினாலோ, உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

இறுதியாக ஒன்று. பிய்த்து உண்ணும் ரொட்டியில் யார் எத்தனை எடுத்தார் என்பது தெரிவதில்லை. அதற்காக நோயாளியின் கையை மட்டும் கண்காணிக்காதீர்கள். “ஆளுக்கு நான்கு துண்டு” என்பதை மேசைக்கே விதியாக்குங்கள். பேரக்குழந்தைக்கும் அதுவே, தாத்தாவுக்கும் அதுவே. எட்டுப் பேரும் நான்கு நான்காக எடுத்தால் ரொட்டி தீர்ந்துவிடும். நள்ளிரவில் அடுக்களையில் எதுவும் மீந்திராது. எல்லாரோடும் அமர்ந்து உண்டவருக்கு, அங்கே தனியே செல்லும் தேவையும் இராது.