உங்களுக்குத் தெரியுமா? ஒரே நாற்காலி, ஓராயிரம் நிறம்!

கேமுக்குள் நீங்களே செய்து வைத்த நாற்காலிக்குப் புது நிறம் வேண்டுமா? நாற்காலியைத் தொடவே வேண்டாம்! அதன்மேல் போர்த்தியிருக்கும் 'டெக்ஸ்சர்' படத்தை மாற்றினால் போதும்!

முப்பரிமாண மாடல்மேல் படத்தை ஒட்டும் வித்தையைச் செய்து காட்டியவர் எட்வின் காட்மல். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர். ஆண்டு 1974! பின்னாளில் பிக்சாரைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே!

சாமான் நிறைந்த ஒரு கேம் பிறந்த கதையைக் கேளுங்கள்! 1991-ல் அமெரிக்காவின் ஓக்லண்டில் பெருந்தீ. கேம் வடிவமைப்பாளர் வில் ரைட்டின் வீடு எரிந்து போனது. வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக மறுபடி வாங்கினார். அந்த அனுபவத்தில் முளைத்ததுதான் 2000-ல் வந்த 'தி சிம்ஸ்' கேம்!

2009-ல் வந்த சிம்ஸ் 3-ல் சோபாவுக்கு நினைத்த நிறத்தைப் பூசலாம். 2014-ல் வந்த சிம்ஸ் 4-ல் அந்த வசதியே காணோம்! ரசிகர்கள் விடுவார்களா? தாங்களே நிறம் சேர்க்கக் கிளம்பிவிட்டார்கள்!

அதற்கென்றே 'சிம்ஸ் 4 ஸ்டுடியோ' என்ற மென்பொருள் இருக்கிறது. புது 'ஸ்வாட்ச்', அதாவது நிற மாதிரி, சேர்க்க ஒரு பட்டன். புதுப் படத்தை உள்ளே கொடுங்கள், சேமியுங்கள். உங்கள் சோபாவுக்கு இன்னொரு நிறம் ரெடி! விலை? 0 ரூபாய்!

உங்கள் சோபாவுக்கு 10 நிறமா? கேமின் கணக்கில் அவை 10 தனித்தனிச் சாமான்கள்! ஆனால் உருவத்துக்கான 'மெஷ்' ஒன்றே ஒன்றுதான்!

வேறொருவர் செய்த கட்டிலுக்கு நீங்கள் நிறம் மட்டும் சேர்த்தீர்களா? அவருடைய மெஷ் கோப்பை அழித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் நிறம் கேமில் தலையே காட்டாது!

கைதேர்ந்தவர்கள் முதலில் சாம்பல் நிறத்தில்தான் வரைவார்கள். நிழல், மடிப்பு, மரத்தின் ரேகை எல்லாம் அதில் வந்துவிடும். மேலே ஒரு நிற லேயர், 'மல்டிப்ளை' முறையில். ஒரு முறை வரைந்தால் போதும், 50 நிறம் எடுக்கலாம்!

1024-க்கு 1024 அளவுப் படத்தில் எத்தனை புள்ளிகள் தெரியுமா? 10,48,576! சுருக்காமல் வைத்தால் 4 எம்பி. 'டிஎக்ஸ்டி5' முறையில் சுருக்கினால் 1 எம்பி. 20 நிறம் சேர்த்தால் மிச்சம் 60 எம்பி!

'மைன்கிராஃப்ட்' கேமில் 2017 வரை படுக்கை என்றால் சிவப்பு மட்டும்தான். அந்த ஆண்டு வந்தது நிறங்களுக்கான அப்டேட். ஒரே நாளில் 16 நிறப் படுக்கைகள்!

நாற்காலி மாடல் செய்ய உதவும் 'பிளெண்டர்' மென்பொருள் இன்று எல்லோருக்கும் இலவசம். 2002-ல் அதன் ஆர்வலர்கள் 1 லட்சம் யூரோ திரட்டி அதை எல்லோருக்கும் பொதுவாக விடுவித்தார்கள். வெறும் 7 வாரத்தில்! அதே பிளெண்டரில் உருவான 'ஃப்ளோ' படம் 2025-ல் ஆஸ்கரையே வென்றது!

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். உலகமே கொண்டாடும் மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா 1937-ல் புதுச்சேரியில் இருந்தார்! அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைக் கட்ட வந்தவர். அவருக்கு அரவிந்தர் சூட்டிய பெயர் 'சுந்தரானந்தா'! மரத்தின் இயல்பான அழகை மறைக்காதவர் அவர். உங்கள் மாடலுக்கு முதல் ஸ்வாட்ச் அசல் மர நிறமாக இருக்கட்டும்!

இரண்டாவது ஸ்வாட்ச்? அவுரி நீலம்! பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியில் சாயம் போட்ட நீலத் துணி கப்பலேறி ஆப்பிரிக்கா போனது. செனகல் ஆற்றங்கரையில் அது பணமாகவே புழங்கியது!

மூன்றாவது, வில்லியனூர் சுடுமண் சிவப்பு. புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது! செலியமேட்டுப் பிள்ளைகளே, இந்த மூன்றையும் உங்கள் ஊஞ்சலுக்கும் பெஞ்சுக்கும் பூசிப் பாருங்கள். எந்த நாட்டு கேமரிடமும் இல்லாத செட் உங்களிடம் இருக்கும்!

மூன்று போதாதா? சாதாரணக் கணினித் திரை காட்டக்கூடிய நிறங்கள் 1,67,77,216! 4096-க்கு 4096 அளவுப் படத்தில் எத்தனை புள்ளிகள்? பெருக்கிப் பாருங்கள். அதே 1,67,77,216! எல்லா நிறமும் ஒரே நாற்காலியில் ஒரு புள்ளிகூட மிஞ்சாமல் உட்காரும்!