அரக்கோணத்தை விட்டுச் சென்ற விமானம்

சம்பாவும் தாளடியும் களமேறி முடிந்து, கோடை விடுமுறையும் வந்து, எங்கேயாவது அழைத்துப் போகும்படி குத்தாலத்துப் பிள்ளைகள் பெரியவர்களை நச்சரிக்கத் தொடங்கும் இக்காலத்தில், சென்னை வழியாக ரயிலில் விசாகப்பட்டினம் வரை சென்றுவர வசதியுள்ள குடும்பத்தார், அந்நகரின் கடற்கரைச் சாலையிலுள்ள டியூ-142 விமானக் காட்சிசாலையை அவசியம் காணவேண்டும். 1988-இல் சோவியத் நாட்டிலிருந்து நம் கடற்படைக்கு வந்து, 1992 முதல் அரக்கோணத்து ராஜாளி தளத்தையே வாசஸ்தலமாகக் கொண்டு சமுத்திரக் காவல் புரிந்த இவ்வகை விமானங்கள் 2017 மார்ச் 29-ஆம் தேதி ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்றே, அவ்வாண்டு டிசம்பர் முதல், ஆகாய சஞ்சாரத்தை விடுத்துப் பொதுஜனங்களுக்குத் தன் உள்ளறைகளைத் திறந்து காட்டி நிற்கிறது.

இறக்கையின் நுனிக்கு நுனி 50 மீட்டர். நான்கு எஞ்சின்களில் ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழல்விசிறிகள் பொருத்தி, முன்னது ஒரு திசையிலும் பின்னது எதிர்த்திசையிலும் சுழலுமாறு அமைத்திருக்கும் விசித்திரத்தைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து அலகுகளை எண்ணட்டும், மொத்தம் 32. நீர்மூழ்கிக் கப்பலின் ஓசையை ஒற்றுக் கேட்பதற்காக வானிலிருந்து கடலில் வீசப்படும் மிதவைகளும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

நீர்மூழ்கிகளைத் தேடி அலைந்த விமானத்துக்கு எதிரிலேயே குருசுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பலும் கரையேறிக் காட்சிசாலையாக இருப்பது, யார் செய்த யோசனையோ, நல்ல ரசனைதான். குருசுராவின் உள்வழி மிகக் குறுகல்; முழங்கால் வலியுள்ள பாட்டிமார்கள் விமானத்தோடு நிறுத்திக்கொண்டு, வெளியே கடற்காற்று வாங்குவது உத்தமம்.