உங்களுக்குத் தெரியுமா? தாளத்தை முந்தும் கைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில், மருதங்கேணி முதலிய கரைகளிலே கரைவலை இழுக்கும் கடற்றொழிலாளர், கடலில் அரைவட்டமாக விடப்பட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டமாகப் பிரிந்து நின்று பற்றி, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஒருமித்து ஏற்றுப் பாடும் 'அம்பா' என்னும் தொழிற்பாடலின் கதிக்கு இசையவே பரம்பரையாக வலித்து வந்தனர். ஒரு பக்கம் பிந்தினால் வலை கோணும், மீன் தப்பும். ஆகவே அம்பாவை வெறும் சிரமபரிகாரமாகக் கொள்வது அதன் பிரயோசனத்திற் பாதியை மறப்பதாகும்.

இதில் ஆச்சரியம் யாதெனில், எதிர்பாராத ஓசையொன்றைக் கேட்டுக் கையசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ 0.15 விநாடி செல்லுமாயினும், சீராக ஒலிக்கும் தாளத்துக்கு விரல் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஒலி பிறப்பதற்கு ஒரு விநாடியின் நூற்றில் சில பங்கு முன்னதாகவே தட்டிவிடுகின்றனர் என்று பரிசோதனைகள் காட்டுவதாம். அடுத்த அடி விழும் கணத்தை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. செவிக்காக அது காத்திருப்பதில்லை. அம்பாவின் கதிக்கு இரு கூட்டத்தார் கைகளும் ஒருங்கே வலிக்க இயல்வதும் இதனாலேயே. தாளத்துக்கு இசைய உழைக்கும் வழக்கம் வடமராட்சிக்கு மட்டும் உரியதன்று: ஜெர்மானியப் பொருளியலறிஞர் கார்ல் பியூஹர், பல தேசத்துத் தொழிற்பாடல்களைத் திரட்டி, உழைப்பும் தாளமும் பற்றிய தம் நூலை 1896இல் வெளியிட்டார். வடமராட்சிக் கரைகளிலோ, உழவு இயந்திரம் கட்டி வலை இழுக்கும் வழக்கம் புகுந்தபின் அம்பாவுக்கு வேலை குறைந்துவிட்டது.